தனியார் அச்சிடும் தீனார்: கூடுமா, கூடாதா?

சென்ற ரமலானில் ஓரிரவு தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளின் பக்கம் நாம் அமர்ந்திருந்தோம். மலேசியாவில் பல்லாண்டுகள் தொழில் செய்து விடுமுறையில் ஊர் வந்திருந்த ஒரு சகோதரர் அருகில் வந்து ஸலாம் உரைத்தார். சட்டைப் பையிலிருந்து சிறு துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே இரண்டு பொற்காசுகளும் ஐந்து வெள்ளிக் காசுகளும் இருந்தன.

"ஹஜ்ரத், இவைதாம் தீனாரும் திர்ஹமும். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்துப் பணம் இதுதான், நோட்டு என்பது வெறும் தாள் என்கிறார்கள். அப்படியானால் பத்து வருஷமாக நான் ரூபாயில் கொடுத்த ஜகாத் நிறைவேறியதா? மறுபடியும் கொடுக்க வேண்டுமா? என் மைத்துனர் ஒரு படி மேலே போய்விட்டார். தாளுக்கு ஜகாத்தே இல்லை என்று சொல்லி இரண்டு வருஷமாகக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்" என்றார்.

முற்பாதியைக் கேட்டபோது இது ஆராய்வதற்குரிய ஒரு மஸ்அலா என்று எண்ணினோம். பிற்பாதியைக் கேட்டதும் திடுக்கிட்டோம். ஏழைகளின் ஹக்கு இரண்டு வருடமாக ஒரு வீட்டில் தேங்கிக் கிடக்கிறது! ஆகவே இதை அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லி முடிக்காமல், வாசகர்கள் அனைவரும் அறிய விரிவாக எழுத முனைந்தோம்.

இக்காசுகள் எங்கிருந்து வந்தன?

ஐரோப்பாவில் இஸ்லாத்தைத் தழுவியவர்களில் ஒரு கூட்டத்தார் 'முராபிதூன்' என்னும் பெயரில் இயங்கி வந்தனர். ஸ்காட்லாந்தில் பிறந்து, இஸ்லாத்தை ஏற்று, 2021-இல் மறைந்த ஷைகு அப்துல் காதிர் அஸ்ஸூஃபி அவர்கள் இவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார்கள். வங்கியும் தாள் பணமும் வட்டியின் இரு கரங்கள். ஆகவே முஸ்லிம்கள் தீனாருக்கும் திர்ஹமுக்கும் திரும்ப வேண்டும். ஜகாத்தையும் அவற்றிலேயே கொடுக்க வேண்டும் என்பது இவர்களின் வாதம். 1992-இல் ஸ்பெயின் நாட்டின் கிரானடா நகரில் இவர்கள் காசுகள் அச்சிட்டனர். தீனார் 4.25 கிராம் எடையில் 22 காரட் தங்கம்; திர்ஹம் 2.975 கிராம் வெள்ளி. ஏழு தீனாரின் எடை பத்து திர்ஹமின் எடைக்குச் சமம் என்ற பழைய ஷரீஅத் கணக்கை ஒட்டியே இந்த எடைகள் அமைந்தன.

இவ்வழக்கம் கிழக்கேயும் பரவியது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் 2010 ஆகஸ்டு 12-இல், ரமலான் பிறந்த வேளையில், மாநில அரசின் ஆதரவோடு இக்காசுகள் வெளியிடப்பட்டன. நாணயம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ரிங்கிட் ஒன்றே சட்டப்படி செல்லும் பணம் என்று மத்திய அரசின் தரப்பில் உடனே தெளிவாக்கப்பட்டது.

இந்தோனேசியாவில் காரியம் இன்னும் கடுமையாயிற்று. ஜகார்த்தாவை அடுத்த தெப்போக் நகரில் 2014 முதல் நடந்துவந்த சிறு சந்தையில் திர்ஹமும் தீனாரும் கைமாறின. 2021 பிப்ரவரியில் அதை நடத்தியவரைப் போலீசார் கைது செய்தனர். சொந்தக் காசு செய்து பணமாகப் புழங்கவிடுவதைத் தண்டிக்கும் 1946-ஆம் ஆண்டுச் சட்டமும், ரூபியாவிலேயே கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டும் என்னும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டமும் அவர்மீது பாய்ந்தன. முந்தைய சட்டத்தில் பதினைந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு இடமிருந்தது. பல மாதங்களுக்குப் பின், அதே ஆண்டு அக்டோபரில், நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

தங்கத்தையும் வெள்ளியையும் காசாக்கிய ஒருவர் சிறை சென்றார் என்றதும், மார்க்கத்தைக் கடைப்பிடித்ததற்காகவே தண்டிக்கப்பட்டார் என்று பலர் எண்ணினர். அவ்வெண்ணம் சரிதானா? நம் இமாம்கள் எழுதி வைத்திருப்பதைப் புரட்டிப் பார்ப்போம்.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்துப் பணம் எது?

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டுக்கென்று தனி அக்கசாலை இருக்கவில்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் பொன் தீனாரும் பாரசீக மன்னரின் வெள்ளி திர்ஹமும்தாம் புழங்கின. ஒன்றில் சிலுவை இருந்தது. மற்றொன்றில் நெருப்புப் பீடம் இருந்தது. அக்காசுகளைக் கொண்டே பெருமானார் (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் வாங்கினார்கள், விற்றார்கள், மஹர் கொடுத்தார்கள், ஜகாத் வழங்கினார்கள். முஸ்லிம்களுக்கென்று தனியே தீனார் அச்சிட்டவர் உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான். ஹிஜ்ரி 77-இல், அதாவது 696-697-இல். நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பிறகு!

இதில் நமக்கு இரு படிப்பினைகள் உள்ளன. ஒன்று, காசின் மேலுள்ள முத்திரையால் அதற்குப் புனிதம் ஏதும் வந்துவிடுவதில்லை. மற்றொன்று, ஊரில் எது பணமாகச் செல்கிறதோ அதைக் கொண்டே மார்க்கக் கடமைகள் நிறைவேறி வந்திருக்கின்றன.

தங்கமும் வெள்ளியும் தவிர வேறெதுவும் பணமாகவே இயலாது என்பதும் முன்னோர்களின் முடிவு அன்று. ஒட்டகத் தோலில் திர்ஹம் செய்யலாமா என்று ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் யோசித்ததாகவும், அப்படிச் செய்தால் ஒட்டகமே மிஞ்சாது என்று பிறர் சொன்னதால் கைவிட்டதாகவும் வரலாற்று ஆசிரியர் பலாதுரீ குறித்துள்ளார். ஹராம் என்பதற்காக அவர்கள் விடவில்லை, ஒட்டகங்களைக் காக்கவே விட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் தங்களுக்குள் தோலையே காசாக ஏற்றுக்கொண்டாலும், அதைத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் தவணை வைத்து மாற்றுவதைத் தாம் வெறுப்பதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கூறியதாக 'முதவ்வனா'வில் காண்கிறோம். தோலேயானாலும், மக்களிடம் பணமாகச் சென்றுவிட்டால் பணத்தின் சட்டம் அதற்கு வந்துவிடும் என்பதே இதன் கருத்து.

அச்சிடும் உரிமை யாருக்கு?

நம் பகுதியில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. அம்மத்ஹபின் பெருந்தூணாகிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஉ'வில் இதற்கு நேரடியாகவே தீர்ப்புக் கூறியுள்ளார்கள். தீனாரோ திர்ஹமோ, கலப்படமற்ற சுத்தமான தங்கமும் வெள்ளியுமாகவே இருந்தாலும், ஆட்சித் தலைவர் அல்லாத ஒருவர் அச்சிடுவது மக்ரூஹ் ஆகும். இதற்கு இரு காரணங்கள் காட்டுகிறார்கள்: அது ஆட்சியாளருக்குரிய காரியம், தனியார் கையில் அது சென்றால் மோசடியும் சீர்கேடும் நேராது என்று நம்புவதற்கில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களும், சுல்தானின் அனுமதியோடு அக்கசாலையில் அன்றி அச்சிடுவது தகாது, மக்களுக்கு இடங்கொடுத்தால் பெருங்குற்றங்களில் இறங்கிவிடுவார்கள் என்ற கருத்தை வெளியிட்டுள்ளார்கள். இப்னு கல்தூன் அவர்களோ, காசில் பொறிக்கும் 'ஸிக்கா' என்னும் முத்திரையை ஆட்சியின் பொறுப்புகளில் ஒன்றாகவே எண்ணிப் பேசுகிறார்கள்.

தங்கம் என் சொத்து, அதை நான் உருக்கிக் காசாக்கினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒருவர் கேட்கலாம். தங்கம் அவருடையதுதான், காசின் மேலுள்ள சாட்சியம் அவருடையது அன்று. இந்த எடையும் இந்த மாற்றும் சரியே என்று முத்திரை சாட்சி சொல்கிறது. அச்சாட்சியை நம்பித்தான் எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் உரசிப் பார்க்காமல், நிறுத்துப் பார்க்காமல் காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அவளை ஏமாற்றினால் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளி வேண்டாமா? முகலாயர் ஆட்சியில் வியாபாரிகள் தங்கள் வெள்ளியை அக்கசாலைக்குக் கொண்டு சென்று, கூலியும் வரியும் கொடுத்துக் காசாக்கி வாங்கிப் போனார்கள். உலோகம் குடிமகனுடையது, முத்திரை அரசனுடையது. இதுவே முறை.

இம்முறை குலைந்தால் என்ன நேரும் என்பதற்கு டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் காலம் ஒரு பாடம். 1330-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளிக் காசுக்குப் பதிலாகச் செம்பு, பித்தளைக் காசுகளை அவர் வெளியிட்டார். அவற்றைப் பிறர் செய்ய முடியாதபடி காக்கும் வழியை அவர் செய்யவில்லை. வீட்டுக்கு வீடு அக்கசாலை ஆயிற்று. இறுதியில் அக்காசுகளைத் திரும்பப் பெற்றுக் கஜானாவிலிருந்து நல்ல காசு கொடுக்க வேண்டி வந்தது. இமாம்கள் அஞ்சியது வீண் அச்சம் அன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பெரியார் ஒருவரின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு கள்ள திர்ஹமைச் செலவழிப்பது நூறு திர்ஹம் திருடுவதைவிடக் கொடியது. திருட்டு ஒரு பாவம். அது அன்றோடு முடிந்தது. கள்ளக் காசோ செலவழித்தவன் மௌத்தான பின்பும் கைமாறிக்கொண்டே இருக்கும். அது அழியும்வரை அவனுடைய ஏட்டில் பாவம் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். காசு அடிப்பவர் இதை எண்ணி நடுங்க வேண்டாமா?

அரசு தடுத்திருந்தால்?

சாதாரண நிலையிலேயே மக்ரூஹ் என்றால், அரசு வெளிப்படையாகத் தடுத்திருக்கும் இடத்தில் சட்டம் மேலும் கடுமையாகிறது. மக்களின் நலனுக்காக ஆட்சியாளர் இடும் கட்டளை பாவத்துக்கு ஏவாதவரை அதற்குக் கட்டுப்படுவது கடமை. முஸ்லிமல்லாதார் ஆட்சியில் வாழும் நாமும் அந்நாட்டுப் பிரஜைகளாக ஓர் உடன்படிக்கைக்கு உட்பட்டே வாழ்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி திருமறையின் ஸூரத்துல் மாயிதா தொடக்கத்திலேயே கட்டளையிடுகிறது.

நம் நாட்டில், பணமாகப் பயன்படுத்துவதற்கென்று உலோக வில்லைகளைத் தனியார் செய்வதை 1889-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் தடுத்தது. 2011-இல் வந்த நாணயச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. நோட்டு வெளியிடும் தனியுரிமையை 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ரிசர்வ் வங்கிக்கு அளித்தது. நகைக் கடையில் தங்கக் காசு வாங்கி வைப்பதையோ, மகளுக்குச் சீராகக் கொடுப்பதையோ இவை தடுக்கவில்லை. அதைப் பணம் என்று சொல்லிப் புழங்கவிடுவதே குற்றம்.

இங்கே ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. இருவர் மனமொப்பி ஒரு தங்கக் காசுக்கு ஓர் ஆட்டை மாற்றிக்கொண்டால் அந்த வியாபாரம் ஸஹீஹ் தான். ஆடு வாங்கியவருக்கு ஹலால் தான். காசு அடித்தவர் செய்தது மக்ரூஹ் என்பதாலோ, சட்டத்தை மீறினார் என்பதாலோ அந்த வியாபாரம் பாத்திலாகி விடாது. ஆயினும், வியாபாரம் செல்லும் என்பதைக் காட்டி, அடித்ததும் ஆகும் என்று வாதிடுவது முறையன்று.

தீனார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

காசுகளை ஏற்கெனவே வாங்கிவிட்ட சகோதரர்கள் இரண்டு விஷயங்களை அறிவது அவசியம்.

முதலாவது எடையும் மாற்றும். தங்கத்தின் நிஸாப் இருபது மிஸ்கால். இக்கால உலமாக்கள் பலர் இதை 85 கிராம் என்று கணக்கிட்டுள்ளனர். கையில் இருபது தீனார் இருந்தால் நிஸாப் நிறைந்துவிட்டது என்று ஒருவர் எண்ணுவார். 22 காரட் தீனாரில் சுத்தத் தங்கம் ஏறத்தாழ 3.9 கிராம்தான், இருபது காசிலும் சேர்த்து 78 கிராமுக்குச் சற்றுக் குறைவே. ஷாஃபிஈ மத்ஹபில் கலப்பை நீக்கிச் சுத்தத் தங்கத்தையே கணக்கிட வேண்டும். ஆகவே இவரிடம் இருபத்திரண்டு காசுகள் இருந்தால்தான் நிஸாப் நிறையும். ஹனஃபீ மத்ஹபிலோ தங்கம் மிகுந்திருந்தால் முழுவதும் தங்கமாகவே எண்ணப்படும். இருபது காசிலேயே கடமையாகிவிடும். இதற்குள் வேறு சில அச்சகத்தார் 4.44 கிராம் எடையிலும் தீனார் வெளியிட்டுள்ளனர். ஒரே பெயர், இரண்டு எடை! இதைத் தீர்த்து வைக்கும் அதிகாரி யார்? இமாம்கள் இப்பொறுப்பை ஆட்சியாளரிடம் ஏன் விட்டார்கள் என்பது இப்போது விளங்கும்.

இரண்டாவது வாங்கும் முறை. நோட்டும் பணமே என்றாகும்போது, நோட்டைக் கொடுத்துத் தங்கக் காசு வாங்குவது 'ஸர்ஃபு' என்னும் பணமாற்று ஆகும். அதே மஜ்லிஸில் இரு கையும் மாறிக்கொள்ள வேண்டும். இன்று பணம் கட்டிவிட்டு அடுத்த மாதம் காசு பெறுவதும், தவணையில் வாங்குவதும் கூடாது. அதில் தவணை வட்டி நுழைந்துவிடும். வட்டியிலிருந்து தப்ப எண்ணித் தீனார் வாங்கப் போனவர், வாங்கும் முறையிலேயே வட்டியில் விழுந்தார் என்றால் எத்தகைய பரிதாபம்!

நோட்டில் கொடுத்த ஜகாத்

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். தாள் பணத்தில் ஜகாத் இல்லை என்போர், எகிப்தின் மாலிகீ முஃப்தீ ஷைகு முஹம்மது இல்லீஷ் (ரஹ்) அவர்களின் ஃபத்வாவை ஆதாரம் காட்டுவதுண்டு. சுல்தானின் முத்திரையிட்ட தாளில் ஜகாத் இல்லை என்று அவர்கள் எழுதியது உண்மையே. அவர்கள் 1882-இல் மறைந்தவர்கள். அக்காலத்தில் தங்கமும் வெள்ளியும் மக்கள் கையில் காசாகப் புழங்கின, தாள் புதிது. பின்னர் நிலை மாறிற்று. ஹிஜ்ரி 1324-இல் மக்காவின் உலமாக்கள் நோட்டைப் பற்றிக் கேட்டபோது, மௌலானா அஹ்மத் ரிஸா கான் (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதி, அது மதிப்புள்ள பொருள், அதில் ஜகாத் உண்டு என்று நிறுவினார்கள். 1971 ஆகஸ்டு 15-இல் அமெரிக்கா தன் டாலருக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. அதன் பின் தாளுக்குப் பின்னால் தங்கம் இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. மக்களின் செல்வம் முழுவதும் நோட்டாகவும் கணக்காகவுமே நின்றது.

இந்நிலையில் 1982-இல் ராபித்தாவின் ஃபிக்ஹு சபையும், 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபையும் ஆராய்ந்து, தாள் பணம் தானே தனியொரு பணம், தங்கம் வெள்ளிக்குரிய ஜகாத், வட்டிச் சட்டங்கள் அதற்கும் உண்டு என்று முடிவு செய்தன. ஆகவே பத்து வருடம் அவர் ரூபாயில் கொடுத்த ஜகாத் நிறைவேறியதே. மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

மைத்துனருடைய நிலைதான் அச்சத்துக்குரியது. நோட்டு பணமல்ல என்கிறார். அந்த நோட்டைக் கொடுத்தே அரிசி வாங்குகிறார், வீடு வாங்குகிறார், மகனுக்கு நிகாஹ் முடிக்கிறார். வாங்கும்போது பணமாக இருப்பது, ஏழைக்குக் கொடுக்கும்போது மட்டும் வெறும் தாளாகிவிடுமா? முராபிதூன் கூட்டத்தாரும்கூடத் தீனாரில் கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். கொடுக்காமல் இருங்கள் என்று சொல்லவில்லை. வருடம் முழுதும் அவரிடம் நான்கு இலட்சம் ரூபாய் தங்கியிருந்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கடமை. தவறவிட்ட ஒவ்வோராண்டின் ஜகாத்தும் காலம் கடந்ததால் நீங்கிவிடாது. அது அவர்மீது கடனாக நிற்கிறது.

நோட்டின் குறை

தாள் பணத்தில் குறையே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. அரசுகள் வரம்பின்றி நோட்டு அச்சிடும்போது விலைவாசி ஏறி, விதவை சேர்த்து வைத்த காசு அவள் கையிலேயே கரைகிறது. கலப்படக் காசு அடிப்பது ஆட்சியாளருக்கும் ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எச்சரித்த அதே குற்றத்தின் இக்கால வடிவமே இது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்த ஷுஐப் (அலை) அவர்களின் கூட்டத்தார் அழிந்த வரலாறு அரசுகளுக்கும் பாடமே. முராபிதூன் கூட்டத்தாரின் மனவேதனையில் உண்மை உண்டு. ஆனால் ஆட்சியாளர் தவறினால் அதைத் திருத்தச் சொல்லலாம், எழுதலாம், வாதாடலாம். ஆளுக்கொரு அக்கசாலை வைப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது. தன் சேமிப்பைக் காக்க விரும்புவோர் தங்கமாக வாங்கி வைக்கட்டும். நிலத்திலும் கூட்டு வியாபாரத்திலும் போடட்டும். வட்டியை விட்டு விலகட்டும். இதற்கெல்லாம் ஷரீஅத்தும் தடையில்லை, சட்டமும் தடையில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த சகோதரர், "அப்படியானால் இந்தக் காசுகளை என்ன செய்ய, ஹஜ்ரத்?" என்றார். "தங்கமாக வைத்திருங்கள். கணக்கில் சேர்த்து ஜகாத் கொடுங்கள். ஆனால் இன்றிரவே மைத்துனர் வீட்டுக்குப் போங்கள்" என்றோம். முடிச்சைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

நம் தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர்; சொல் தவறாத நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். முன்னதை அச்சிடும் பொறுப்பு அரசினுடையது. பின்னதைக் காக்கும் பொறுப்பு நம் ஒவ்வொருவருடையதும் ஆகும். நாளை மஹ்ஷரில் நம் கையில் இருந்தது தீனாரா, நோட்டா என்று மட்டும் கேட்டு விட்டுவிட மாட்டார்கள். எவ்வழியில் சம்பாதித்தாய், எவ்வழியில் செலவழித்தாய், அதில் ஏழையின் பங்கைக் கொடுத்தாயா என்று கேட்கப்படும்.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் ஜகாத்தை ஏற்று, கொடுக்கல் வாங்கலில் நாணயத்தோடு வாழ நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.